பெருந்தொற்றில் மருத்துவ மாணவர்கள் இழப்பது என்ன, ஈடுகட்டக்கூடியது எது?

"பெருந்தொற்று வந்தால் மருத்துவ மாணவர்களின் படிப்பு எந்த அளவுக்குப் பாதிக்கப்படுகிறது? கொரோனா ஆண்டுகளில் திரையைப் பார்த்துப் படித்து வந்தவர்களை நம்பி உடம்பைக் காட்டலாமா?" என்பது கேள்வி. பின்பாதியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருக்கட்டும், நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான். நான் பொது மருத்துவம் கற்பிப்பவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொற்றுக் காலத்தில் பாடம் பெரிதாகக் கெடுவதில்லை. மாணவருக்கும் நோயாளிக்கும் இடையே இருக்க வேண்டிய தொடர்புதான் அறுந்துபோகிறது. அது எவ்வளவு காலம் அறுந்து கிடந்தது, பிறகு யாராவது உட்கார்ந்து கணக்கெடுத்து அதை ஈடுகட்டினார்களா என்பதைப் பொறுத்தே அந்த மாணவர் எப்படிப்பட்ட மருத்துவராகிறார் என்பது அமையும்.

மருத்துவப் படிப்பின் போக்கு எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். அடுத்து நோய்க்குறியியல், மருந்தியல், நுண்ணுயிரியல். பிறகு வார்டு. கடைசியில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சிக் காலம். ஆகவே "மருத்துவ மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள்" என்று மொத்தமாகச் சொல்வதில் பொருளில்லை. முதலாண்டு மாணவர் இழந்தது உடற்கூறு மேசையை. வார்டுக்குப் போக வேண்டிய ஆண்டில் இருந்தவர் இழந்தது நோயாளிகளை. பயிற்சி மருத்துவரோ எதிர்த்திசையில் பாதிக்கப்பட்டார்: நோயாளிகள் குவிந்தார்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே நோய்.

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொற்று வரும்போது மாணவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் ஒரே பதிலை எப்போதும் சொன்னதில்லை. 1918இல் இன்ஃபுளுவென்சா பிலடெல்பியாவைத் தாக்கியபோது, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களின் வகுப்புகளை நிறுத்திவிட்டு அவர்களை அவசர மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. அந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விரிவுரை, அவ்வளவுதான் முன்தயாரிப்பு. அப்போது மூன்றாம் ஆண்டு மாணவராக இருந்து பிற்காலத்தில் இதய ஆய்வில் பெயர் பெற்ற ஐசக் ஸ்டார், அந்த நாட்களைப் பற்றி முதுமையில் எழுதியிருக்கிறார். மாணவர்களுக்குக் கிடைத்தது செவிலியர் வேலை. கண்முன்னே நோயாளிகள் நீலம் பாரித்து இறந்தார்கள்.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் வந்து குவிந்தார்கள். செயற்கை சுவாசக் கருவிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. முதல் மூன்று வாரங்களில் கருவியில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். சரி, இரவும் பகலும் வாரக்கணக்கில் யார் அழுத்துவது? மருத்துவ மாணவர்களையும் பல் மருத்துவ மாணவர்களையும் அழைத்தார்கள். சுமார் 1,500 பேர் முறை வைத்து வந்து படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் வெகுவாக இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்த வார்டில்தான் பிறந்தது என்று மருத்துவ வரலாறு சொல்கிறது. அந்த மாணவர்கள் மூச்சைப் பற்றிக் கற்றதை எந்த உடலியங்கியல் பாடமும் கற்பித்திருக்க முடியாது: நோயாளியின் நிறம் மாறுவதையும், பையில் கூடும் இறுக்கத்தையும் தங்கள் கையால் உணர்ந்து கற்றார்கள்.

2003இல் நிலைமை தலைகீழ். ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் சார்ஸ் என்ற தொற்றும் சுவாச நோய் வந்த ஒருவர், நோய் இன்னதென்று யாருக்கும் தெரியாத நிலையில், பொது வார்டில் படுத்திருந்தார். அந்த வார்டுக்கு மாணவர்கள் நோயாளிகளைப் பரிசோதித்துப் பழகப் போனார்கள். அப்படிப் போன 66 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில் 16 பேருக்கு நோய் தொற்றியிருந்தது தெரியவந்தது. ஒரு படுக்கையைச் சுற்றி மாணவர்கள் கூடி நிற்பது என்ற, நூற்றாண்டுகளாக நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் கற்பித்தல் முறையே நோய் பரவும் வழியாகிவிட்டது. 2020இல் கல்லூரி நிர்வாகங்கள் எடுத்த முடிவுகளுக்குப் பின்னால் இந்த நினைவு இருந்தது.

2020 மார்ச் 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொல்லி ஆறு நாட்கள்தான் ஆகியிருந்தன. அன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், நோயாளிகளோடு நேரடித் தொடர்பு உள்ள எல்லாப் பயிற்சிகளிலிருந்தும் மாணவர்களை உடனே விலக்கிவைக்கும்படி வலியுறுத்தியது. அதே தேதியிட்ட இத்தாலிய அரசாணை ஒன்று, மருத்துவப் பட்டதாரிகள் தொழிலில் இறங்கும் முன் எழுத வேண்டிய அரசுத் தேர்வையே நீக்கியது. சுமார் 10,000 பேர் உடனடியாக வேலைக்கு வரலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். ஒரே நாளில் ஓரிடத்தில் "வெளியே போங்கள்", இன்னோரிடத்தில் "உள்ளே வாருங்கள்". இரண்டுக்கும் காரணம் இருந்தது. அமெரிக்காவில் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் பரிசோதனைக் கருவிகளும் போதவில்லை, மாணவர் ஒருவருக்கு ஒரு கவசம் கொடுத்தால் செவிலியர் ஒருவருக்கு ஒன்று குறையும். இத்தாலியில் மருத்துவர்களே போதவில்லை. சில வாரங்களுக்குள் அமெரிக்கக் கல்லூரிகள் சிலவும் இறுதியாண்டு மாணவர்களுக்கு முன்கூட்டியே பட்டம் கொடுத்து அனுப்பின. பிரிட்டனிலும் முன்கூட்டியே பதிவு கொடுத்தார்கள். இந்தியாவில் 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்கும் லேசான நோயாளிகளைக் கண்காணிக்கவும் ஆசிரியர்களின் மேற்பார்வையில் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது.

என் பார்வையில், பாதிப்பின் அளவைத் தீர்மானித்தது நோய்க் கிருமியைவிட இந்த முடிவுதான்: மாணவர் மருத்துவமனையின் ஓர் அங்கமா, வந்துபோகும் விருந்தினரா? விருந்தினர் என்று முடிவு செய்த இடங்களில் மாணவர் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார். அங்கம் என்று முடிவு செய்த இடங்களில், ஆபத்தோடுதான் என்றாலும், கற்றல் ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது.

இனி வகுப்புக்கு வருவோம். இணைய வகுப்பைத் திட்டித் தீர்ப்பது எளிது. ஆனால் விரிவுரை என்ற ஒன்றைப் பொறுத்தவரை அது அவ்வளவு மோசமில்லை. இணையவழிக் கற்றலையும் வழக்கமான கற்றலையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, சராசரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றே காட்டியது. உண்மையைச் சொன்னால், பெரிய அரங்கில் ஒருவர் ஒரு மணிநேரம் பேச, பின்வரிசை தூங்கிக்கொண்டிருக்கும் விரிவுரையில் இழப்பதற்கு ஏற்கெனவே அதிகம் இருக்கவில்லை. பதிவு செய்த வகுப்பை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், புரியாத இடத்தைத் திரும்பக் கேட்கலாம். சிறுநீரகம் உப்பை எப்படிக் கையாள்கிறது என்பதை ஒரே தடவையில் புரிந்துகொண்ட மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆசிரியருக்குத்தான் அது பெரிய தண்டனை. பெயர் மட்டும் எழுதிய கறுப்புச் சதுரங்களைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு கேள்வி கேட்டால் அமைதி. இணைப்பு அறுந்துவிட்டதா, யாருக்கும் விடை தெரியவில்லையா, யாருமே இல்லையா என்று தெரியாது. முகத்தைப் பார்த்துப் பாடத்தின் வேகத்தை மாற்றுவது நல்ல ஆசிரியரின் முதல் திறமை. அது அங்கே செல்லாக்காசாகிவிடும். இதில் மருத்துவ ஆசிரியருக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மற்றத் துறைகளில் தொற்று வந்தால் ஆசிரியர் வீட்டிலிருந்து வகுப்பெடுப்பார். மருத்துவ ஆசிரியர் அதே நேரத்தில் வார்டிலும் நிற்க வேண்டும். இரவுப் பணி முடித்து, பாதுகாப்பு உடையைக் கழற்றி, குளித்துவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தவர்கள் பலர். அந்த வகுப்புகள் பழைய படவில்லைகளை வாசிப்பதோடு முடிந்துபோனதில் வியப்பில்லை.

உடற்கூறியல் பட்ட அடி வேறு வகை. உடல்தானத் திட்டங்கள் பல இடங்களில் நின்றுபோயின. இறந்தவரின் உடலில் தொற்று இருக்கிறதா என்ற பயம், உடலைக் கொண்டுவருவதில் தடை, கூடத்தில் மாணவர்கள் நெருங்கி நிற்க முடியாத நிலை. அதற்கு மாற்றாக முப்பரிமாணச் செயலிகள் வந்தன. அவை அழகாக இருக்கும். விரலால் தள்ளினால் தசை விலகி நரம்பு பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். உண்மையான உடலில் நரம்பு அப்படிப் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிவதில்லை. கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் பொறுமையாக விலக்கிக்கொண்டே போனால், நரம்பா இரத்தக்குழாயா என்று தெரியாத ஓர் இழை கிடைக்கும். அதை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தொடர்ந்து போய்த்தான் பெயர் சொல்ல முடியும். செயலியில் எல்லா உடலும் ஒன்றே. மேசையில் ஒவ்வொரு உடலும் வேறு. புத்தகத்தில் உள்ளபடி கிளை பிரியாத தமனியைப் பார்த்து மாணவர் திகைப்பதே அறுவை சிகிச்சையின் முதல் பாடம். இழப்பு பெரிதுதான், ஆனால் ஈடுகட்ட முடியாதது அல்ல. தொற்று தணிந்ததும் அந்த மாணவர்களை மேசைக்கு அழைத்த கல்லூரிகள் ஈடுகட்டின. "முதலாண்டு பாடம் முடிந்துவிட்டதே, தேர்விலும் தேறிவிட்டார்களே" என்று விட்டுவிட்டவை ஈடுகட்டவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வார்டில்தான். கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம் இது. மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். வலது அடிவயிற்றில் கையை வைத்து, இடது விலா எலும்புகளை நோக்கிக் குறுக்காக மெல்ல மெல்ல மேலேற வேண்டும். ஒவ்வோரிடத்திலும் "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் இறங்கும். அது மண்ணீரலைத் தள்ளும். மண்ணீரலின் விளிம்பு வந்து விரலைத் தொடும். விரல் அதைத் தேடிப் போகக் கூடாது, அது வரக் காத்திருக்க வேண்டும். புதிய மாணவர்கள் எல்லோரும் விலா எலும்புக்குப் பக்கத்திலேயே தொடங்குவார்கள். மண்ணீரல் மிகவும் பெருத்திருந்தால் அவர்கள் கை அதன் மேலேயே கிடக்கும். விளிம்பு எப்படித் தெரியும்? "ஒன்றும் இல்லை சார்" என்பார்கள். அப்போது ஆசிரியர் அந்தக் கையை எடுத்துத் தொப்புளுக்குக் கீழே வைத்து, அதன்மேல் தன் கையை லேசாக வைத்து, நோயாளியை மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வார். மாணவரின் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படாது, அந்த மாணவர் மண்ணீரலை ஆயுள் முழுக்க மறக்கமாட்டார்.

இதைக் காணொளியில் காட்டலாம். காட்டினோம். பார்த்தவர்களுக்குப் படிகள் வரிசையாகத் தெரிந்திருந்தன. கேட்டால் பிசகாமல் ஒப்பித்தார்கள். பிறகு நோயாளி முன் நின்றபோது எவ்வளவு அழுத்துவது என்று தெரியவில்லை. நோயாளி வயிற்றை இறுக்கிக்கொண்டால் பேச்சுக் கொடுத்துத் தளர்த்த வேண்டும் என்று தெரியவில்லை. கை சில்லென்று இருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தக் காணொளியும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இதயத்தின் ஒலிகளும் அப்படித்தான். மைட்ரல் வால்வு குறுகியிருப்பவரின் முணுமுணுப்பைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்க வைத்தால் மாணவர்கள் பலரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். வார்டில் அந்த ஒலி அவ்வளவு தெளிவாக வந்து காதில் விழாது. பக்கத்துப் படுக்கையில் இருமல், மேலே மின்விசிறி, வாசலில் யாரோ ஒருவரின் வாக்குவாதம். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணிப்பகுதியை மெல்ல வைத்து, மூச்சை வெளியே விட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் காத்திருந்தால்தான் கேட்கும். அதிலும் நோயாளிக்கு மூச்சுத் திணறல் இருந்தால் எத்தனை விநாடிதான் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது? அந்தக் கணக்கும் படிப்பில் சேர்த்திதான்.

வார்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்களுக்கும் வேறு தடைகள் இருந்தன. முழுப் பாதுகாப்பு உடை போட்டால் ஸ்டெதாஸ்கோப் காதுக்குப் போகாது. இரட்டைக் கையுறையில் நாடித்துடிப்பின் நுட்பம் பிடிபடாது. நோயாளியின் முகத்தில் பாதி மறைந்திருக்கும். வலியை வாயின் கோணலில் படிக்கப் பழகியவர்களே தடுமாறினார்கள், புதியவர்கள் என்ன செய்வார்கள்? அறைக்குள் எவ்வளவு குறைவாக நிற்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்ற விதி, நோயாளியிடம் நிதானமாகப் பேசுவதற்கு நேர் எதிரி. ரவுண்ட்ஸ் என்பது படுக்கையருகில் நடப்பதிலிருந்து, ஒரு மேசையைச் சுற்றி அறிக்கைகளைப் புரட்டுவதாக மாறியது. இந்த மாற்றம் தொற்றோடு போய்விடவில்லை, பல இடங்களில் நிலைத்துவிட்டது. என் கவலை இதில்தான் அதிகம்.

பிறகு, ஒரே நோய் என்ற பிரச்சினை. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளை நிறுத்தினார்கள். புறநோயாளிப் பிரிவு வெறிச்சோடியது. மாரடைப்பு வந்தவர்கள்கூட பயந்து மருத்துவமனைக்கு வரவில்லை, பல நாடுகளில் அந்த எண்ணிக்கை இறங்கியது பதிவாகியிருக்கிறது. விளைவாக, பயிற்சி மருத்துவர் ஒருவர் ஆக்சிஜன் அளவையும் மார்பு ஸ்கேனையும் மாதக்கணக்கில் பார்த்துத் தேர்ந்தார். ஆனால் குடலிறக்கம், தைராய்டு வீக்கம், ஆறாத சர்க்கரைப் புண், கண்புரை இவற்றையெல்லாம் போதிய அளவு பார்க்கவில்லை. பிரசவ வார்டு மட்டும் விதிவிலக்கு. குழந்தைகள் ஊரடங்குக்குக் கட்டுப்படுவதில்லை. அறுவை சிகிச்சை மேற்படிப்பு மாணவர்களின் இழப்பு இன்னும் கூர்மையானது. அவர்களுடைய தேர்ச்சி செய்த அறுவைகளின் எண்ணிக்கையோடு கட்டுண்டது, அந்த எண்ணிக்கையோ மளமளவென்று சரிந்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சமுதாய மருத்துவம் மாணவர்கள் கடனே என்று படிக்கும் பாடமாகத்தான் எப்போதும் இருந்தது. பரவல் விகிதம், பரிசோதனையின் நம்பகத்தன்மை, தடுப்பூசியின் திறன் என்பவையெல்லாம் தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்யும் சமாச்சாரங்கள். 2020க்குப் பிறகு அவற்றை வீட்டில் உள்ளவர்களே மாணவர்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அதைவிட முக்கியம், மருத்துவ அறிவு எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கொரோனாவுக்குக் கொடுக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 மார்ச் இறுதியில் அவசரகால அனுமதி கொடுத்தது. ஜூன் 15இல் திரும்பப் பெற்றது. மறுநாளே, ஜூன் 16இல், விலை மலிவான பழைய மருந்தான டெக்சாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அறிவித்தது. அதே மாதத் தொடக்கத்தில், லான்செட் மருத்துவ இதழில் இதே ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பற்றி வந்த பெரிய கட்டுரை ஒன்று, மூலத் தரவுகளைச் சரிபார்க்க முடியாததால் திரும்பப் பெறப்பட்டது. ஒரு நோயாளி பிழைத்தார் என்பதற்கும் மருந்து பிழைக்க வைத்தது என்பதற்கும் உள்ள தூரத்தை விளக்க நான் இதற்கு முன் எத்தனையோ உதாரணங்களைத் தேடியிருக்கிறேன். அந்த ஜூன் மாதத்தைப் போல எதுவும் அமைந்ததில்லை.

தொலைபேசி ஆலோசனையும் எதிர்பாராத நன்மை ஒன்றைச் செய்தது. தொட முடியாது, பார்க்க முடியாது என்றால் கேள்விகளைத்தான் நம்ப வேண்டும். மூச்சுத் திணறலைத் தொலைபேசியில் எப்படி அளப்பது? நோயாளி ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிறாரா என்று கேட்க வேண்டும். நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க முடிகிறதா என்று விசாரிக்க வேண்டும். நோயாளி பேசும்போது குறுக்கே பேசாமல் இருக்கும் பழக்கம் சில மாணவர்களுக்கு அப்போதுதான் வந்தது.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வை வீட்டிலிருந்தே புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020 மார்ச்சிலேயே இறுதியாண்டு மாணவர்களுக்கு நடத்திக் காட்டியது. கேள்விகளை ஒழுங்காக அமைத்தால் அது நல்ல தேர்வுதான். எப்படியும் எந்த மருத்துவரும் புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதில்லை. செய்முறைத் தேர்வில்தான் சிக்கல். உண்மையான நோயாளிக்குப் பதில் பொம்மை, அல்லது சக மாணவர், அல்லது வெறும் அறிக்கைத் தாள். அமெரிக்க உரிமத் தேர்வில், நடிக்கப் பயிற்சி பெற்ற நோயாளிகளைப் பரிசோதித்துக் காட்டும் பகுதியை 2020 மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள். 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். அந்தத் தேர்வின் செலவைப் பற்றியும் பயனைப் பற்றியும் முன்பே முணுமுணுப்புகள் இருந்தன என்பது உண்மை. ஆனாலும், தேர்வில் கேட்காததை மாணவர் படிக்கமாட்டார் என்பது உலகறிந்த விஷயம்.

மனநிலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் கவனித்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வீட்டில் உட்காரவைக்கப்பட்ட மாணவர்களை அலைக்கழித்தது நோய் பயத்தைவிடக் குற்ற உணர்ச்சி. அக்கம்பக்கத்தார் அவர்களை மருத்துவராகவே பார்த்து ஆலோசனை கேட்டார்கள். கல்லூரியோ அவர்களைத் தேவையற்றவர்களாகப் பார்த்தது. பயிற்சி மருத்துவர்களுக்கு இதற்கு நேர்மாறான சுமை. நோயாளி இறந்த செய்தியைக் குடும்பத்துக்குத் தொலைபேசியில் சொல்லும் வேலை பல இடங்களில் அவர்கள் தலையில்தான் விழுந்தது. அந்த உரையாடலை எப்படித் தொடங்குவது, எதிர்முனையில் அழுகை வெடிக்கும்போது எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது என்று யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. வசதி வேறுபாடும் சேர்ந்துகொண்டது. தனி அறையும் நல்ல இணைப்பும் உள்ளவர் பெரிய திரையில் திசுப்படங்களைப் பார்த்தார். இல்லாதவர் கைப்பேசியின் உள்ளங்கை அகலத் திரையில் நுண்ணோக்கிப் படத்தைப் பெரிதாக்கி, அது புற்றுத் திசுவா அழற்சியா என்று கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே வினாத்தாள்தான்.

சரி, கேள்வியின் பின்பாதி. அந்த ஆண்டுகளில் படித்தவர்களை நம்பலாமா? நம்பலாம். காரணம் கருணை அல்ல. மருத்துவத் திறன் கல்லூரியில் முடிவதில்லை, மேற்பார்வையில் வேலை செய்யும் முதல் சில ஆண்டுகளில்தான் உறுதிப்படுகிறது. ஊசி போடுவது, குழாய் செருகுவது, தையல் போடுவது போன்ற கைவேலைகள் தாமதமாகத் தொடங்கினாலும் செய்யச் செய்ய வந்துவிடும். தானாக வராதது ஒன்று உண்டு: நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்துவிட்டு அதன் பிறகு ஸ்கேனுக்கு எழுதும் பழக்கம். மாணவப் பருவத்தில் அது ஏறாவிட்டால் பிறகு ஏற்றுவது கடினம். பெருந்தொற்றுக்கு முன்பே அந்தப் பழக்கம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது, தொற்று அதை வேகப்படுத்தியது. ஆகவே எந்த ஆண்டு படித்தார் என்று விசாரிப்பதைவிட, உங்கள் வயிற்றுவலிக்கு வயிற்றில் கைவைத்துப் பார்த்தாரா என்று கவனியுங்கள். இது மூத்த மருத்துவர்களுக்கும் பொருந்தும்.

அந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். தவறவிட்டவற்றை நீங்களே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். "எல்லாமே போயிற்று" என்று புலம்பாமல், எது போயிற்று என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கண்ணின் உட்புறம் பார்த்ததில்லை, பிறந்த குழந்தையை முழுதாகப் பரிசோதித்ததில்லை, நரம்பு மண்டலப் பரிசோதனையை ஒருவர் மேற்பார்வையில் தொடக்கம் முதல் இறுதிவரை செய்ததில்லை என்று. பிறகு அவற்றை ஒரு மூத்தவர் முன்னால் செய்து காட்டித் திருத்தம் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். பயிற்சி மருத்துவர் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, வேலை நெருக்கடியில் யாரும் தாமாக முன்வந்து சொல்லித்தருவதும் இல்லை.

கல்லூரிகள் செய்ய வேண்டியது வேறு. தொற்று முடிந்ததும் இழந்த மாதங்களை ஈடுகட்டுகிறோம் என்று எல்லாப் பிரிவுகளின் நாட்களையும் சரிசமமாக வெட்டுவது பரவலாக நடந்தது. அது மிக மோசமான வழி, ஏனென்றால் சுருங்குவது எப்போதும் வார்டு நேரம்தான், விரிவுரை நேரம் சுருங்காது. விரிவுரைகளைப் பதிவுகளாகவே விட்டுவிட்டு, அந்த நேரத்தையும் வார்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு தொற்று வரும்போது எந்த ஆண்டு மாணவர் எந்த வேலையில் இருப்பார், யார் மேற்பார்வையில், எந்தப் பாதுகாப்போடு என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளவும் வேண்டும். மாணவர்களுக்கும் முகக்கவசப் பொருத்தச் சோதனை செய்திருக்க வேண்டும், உடையைப் போட்டுக் கழற்றும் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், தடுப்பூசி வரிசையில் அவர்கள் பெயர் பணியாளர்களோடு சேர்ந்திருக்க வேண்டும். வார்டில் நோய் தொற்றினால் சிகிச்சைச் செலவு யாருடையது, விடுபட்ட வருகைப்பதிவு என்னவாகும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். வர விரும்பாத மாணவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளவும் அதில் இடம் இருக்க வேண்டும்; சிலருக்கு வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் தாயோ, மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் தந்தையோ இருக்கலாம், அதை அவர்கள் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று விளக்க வேண்டிய அவசியமில்லை.